அப்டேட்: 2008 ஹோண்டா சிவிக் ஆட்டோமேட்டிக், கியர் ஆயில் எவ்ளோ ஊத்தணும்?

போன வாரம் கேட்டிருந்தேனே, ஒர்க்‌ஷாப்ல 6 லிட்டர் வாங்கிட்டு வாங்கன்னு சொல்றாங்க, நெஜமாவே அவ்ளோ வேணுமான்னு. பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றிங்க.

நேத்து வீட்லயே மாத்திட்டேன். "கீழ எறங்குனத அளந்து அதே அளவு ஊத்துங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரே, அது கிட்டத்தட்ட சரியா வந்துச்சு, ஆனா முழுசா இல்ல, கீழ சொல்றேன். 1.8 இன்ஜின், 5 ஸ்பீடு ஆட்டோமேட்டிக், வண்டியோட கையேட்டுல ஒரு தடவை மாத்த 2.4 லிட்டர்னு போட்டிருக்கு. மிச்சம் பெரும்பாலும் டார்க் கன்வெர்ட்டர்லயே (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கிற, ஆயில் நெறஞ்ச பாகம்) தங்கிடும், ஒரே தடவைல வராது. அதனால கொஞ்ச நாள் ஓட்டிட்டு இன்னும் ரெண்டு தடவை எறக்கி ஊத்தப் போறேன், மூணு தடவைக்கும் சேத்து 7.2 லிட்டர் ஆகும், ஒர்க்‌ஷாப் சொன்ன 6 லிட்டர் ஒரே தடவைக்கு தேவைப்படாது. ஊத்துனது ஹோண்டா டிடபிள்யூ-1ங்கிற ஆட்டோமேட்டிக் கியர் ஆயில், ஹோண்டாவோட பழைய இசட்-1 ஆயிலுக்கு பதிலா வந்தது.

எதிர்பாக்காதது என்னன்னா எனக்கு 2.1 லிட்டர்தான் எறங்குச்சு, அதையே ஊத்திட்டு டிப்ஸ்டிக் (ஆயில் லெவல் பாக்குற குச்சி) பாத்தா கீழ்க்கோட்டுக்கும் கீழ, அப்ப முன்னாடியே கம்மியாதான் ஓடிருக்கு, 2.4 ஆக்குனதும் லெவல் வந்துருச்சு. லெவல் பாக்கறப்ப, ரேடியேட்டர் ஃபேன் சுத்துற அளவுக்கு இன்ஜின சூடாக்கி, வண்டிய ஆஃப் பண்ணி 60லேந்து 90 செகண்டுக்குள்ள பாக்கணும், நான் மொதல்ல ஆறவிட்டு பாத்து கொழம்பிட்டேன்.

ட்ரெயின் போல்ட் (ஆயில் எறக்க கழட்டுற போல்ட்) காந்தத்துல சாம்பல் கலர்ல பேஸ்ட் மாதிரி இருந்தா பயப்படாதீங்க, இரும்புத் துணுக்கு இருந்தாதான் கவலை. வாஷர் புதுசு போடுங்க, நான் பழசையே போட்டு சொட்டு சொட்டா ஒழுகி மறுபடி கழட்டுனேன்.