மசில்லோடர் வேட்டை: இன்னும் மனத்தை விட்டுப் போகாத அந்த ஒரு நொடி

ஏரிக்கரை:
ஓஹையோவில் ஜனவரி சீசன், கடைசி நாள் மாலை. என் கையில் இருந்தது சிவிஏ வுல்ஃப், குழல்வாய் வழியே வெடிமருந்து கெட்டிக்கும் மசில்லோடர் துப்பாக்கி, குழல் அளவு .50 அங்குலம். கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது அதுதான். இரண்டு நாள் மழையும் பனியும் மாறி மாறி நனைத்திருந்தன. அறுபது கஜத்தில், அறுத்த சோளக்கொல்லை ஓரமாகப் பெண்மான். சுட்டேன், உடனே வெடித்தது. காற்றே இல்லை. புகை அப்படியே முகத்துக்கு முன்னால், வேட்டியை விரித்துக் காயப்போட்ட மாதிரி தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் தட்டை முறியும் சத்தம் மூன்று முறை. அப்புறம் ஒன்றுமில்லை. மான் முப்பது கஜம் தள்ளிக் கிடைத்தது, சரி. ஆனால் அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கல்லும்பொறியும்:
உங்களுக்காவது வெடித்தது. பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் மறுநாள் தொடங்கும் சீசனுக்கு பிளின்ட்லாக், அதாவது கல் தட்டிப் பொறி பறக்கும் துப்பாக்கி மட்டும்தான். தட்டியதும் தீப்பிடிக்கும் 209 ப்ரைமருக்கு இடமில்லை. கொம்பு மான், நாற்பது கஜம். கல் தட்டியது, பொறி விழும் வெளிக்கிண்ணத்து மருந்து ‘புஸ்’ என்று எரிந்தது, குழலுக்குள் தீ போகவே இல்லை. தாமதமாக வெடித்துவிடுமோ என்று துப்பாக்கியை இறக்காமல் பிடித்திருந்தேன். மான் தலையைத் தூக்கி என்னையே பார்த்தது. ஒரு நிமிடம் இருவரும் அசையவில்லை. விலை குறைந்த துப்பாக்கியில் இதுதான் தொல்லை.

பழையஹாக்கன்:
தம்பி, விலைமேல் பழி போடாதீர்கள். குழலுக்குள் எண்ணெய் இருந்திருக்கும். என் துப்பாக்கி தாம்சன் சென்டர் ஹாக்கன், பழசாக வாங்கியது. பனியிலும் சேற்றிலும் புரண்டது, ஒரு தடவை என்னைக் கைவிட்டதில்லை. மருந்து கெட்டிக்குமுன் ஆல்கஹால் தோய்த்த துணியால் குழலையும் தீ உள்ளே போகும் பொறித்துளையையும் துடையுங்கள். கல்லுக்குப் பதில் கேப் என்ற சின்ன வெடிமூடி வைக்கும் துப்பாக்கி என்றால், குழல் காலியாக இருக்கும்போதே வெறும் கேப் இரண்டை வெடியுங்கள். மருந்தை அளவைக் குப்பியால் அளக்க வேண்டும், தராசில் அல்ல. இன்றைய தோட்டாக்களில் இருக்கும் புகையில்லா மருந்து ஒரு சிட்டிகைகூட வேண்டாம், குழல் பிளந்துவிடும். கெட்டித்த பின் இடிகோல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று கோடு போட்டு வையுங்கள். இரட்டை மருந்து போட்டுவிட்டால் அந்தக் கோடு காட்டிக்கொடுக்கும். குளிரிலிருந்து வெதுவெதுப்பான வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், உள்ளே வியர்த்துவிடும். சுட்டால் அன்று இரவே வெந்நீரும் சோப்பும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்றால் துரு முந்திக்கொள்ளும். குழலின் பின்பக்கத்தை அடைக்கும் ப்ரீச் ப்ளக் மரையில் கிரீஸ் தடவ மறந்து, அது இறுகிப்போய் ஒருவர் பைப் ரெஞ்ச் வரை போனதைப் பார்த்திருக்கிறேன்.

எல்க்தேடி:
கொலராடோ, செப்டம்பர் மசில்லோடர் சீசன். ஸ்கோப் கூடாது, வில்லையாக அழுத்திய பெல்லட் மருந்தும் கூடாது. சரளைச் சரிவில் வழுக்கி, துப்பாக்கியோடு பத்தடி கீழே போனேன். துப்பாக்கிக் கட்டையில் கீறல், மற்றபடி அடிபடவில்லை. எழுந்திருக்குமுன் எல்க் என்ற பெரிய மான் கத்தியது, எண்பது கஜம்கூட இருக்காது. தூக்கிக் குறிவைத்தேன். என்ன தோன்றியதோ, இறக்கிப் பார்த்தேன். குழல்வாய் முழுக்க ஈரமண், ஒரு புல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புல்லைத்தான் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் குழல்வாயில் டேப் ஒட்டாமல் மலை ஏறுவதில்லை.

ஏரிக்கரை:
ஹாக்கன் அண்ணா, மருந்தெல்லாம் சரியாகத்தான் அளந்தேன். நான் சொன்னது அந்தப் புகைக்குள் நின்ற நேரத்தை. கண் மறைந்து காது மட்டும் இருந்த அந்த நேரம் வேறு யாருக்காவது வாய்த்திருக்கிறதா?