தடைக்காலத்தில் அப்பாவுக்கு உடம்பு பிடித்துவிடலாமா?

பாம்பன் மகள்:
அப்பாவுக்கு 58 வயது, விசைப்படகுத் தொழில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் இப்போது வீட்டில்தான் இருக்கிறார். தோள்பட்டை இரண்டும் பனங்கட்டை போல இறுகிக் கிடக்கின்றன. இராமேஸ்வரத்தில் ஒரு மணி நேர மசாஜ் செய்யும் கடை ஒன்று இருக்கிறது. அழைத்தால், "காசு கொடுத்து அடி வாங்கச் சொல்கிறாயா?" என்கிறார். அவரையும் குறை சொல்ல முடியாது. போன வருடம் ஒருவர் கழுத்தைத் திருப்பி 'டொக்'கென்று நெட்டி முறித்தார். மூன்று நாள் சோற்றுத் தட்டைக் குனிந்து பார்க்கக்கூட அப்பாவால் முடியவில்லை. அவருக்குச் சர்க்கரையும் உண்டு. போகலாமா?

தொண்டி பிசியோ:
நெட்டி முறிப்பது வேறு, நீங்கள் கேட்கும் மசாஜ் வேறு. இதில் எலும்பைத் திருப்பும் வேலையே கிடையாது. எண்ணெய் தொட்டு, உள்ளங்கையால் மெதுவாக, ஒரே சீராக நீவுவார்கள். தசையின் இறுக்கம் தளரும், அன்றைக்கு நல்ல தூக்கமும் வரும். அந்தச் சுகம் சில மணி நேரமோ ஓரிரு நாளோ நிற்கும், அவ்வளவுதான். ஜவ்வு விலகியதைச் சரிசெய்யும், உடம்பின் கழிவை வெளியேற்றும் என்று பலகையில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

கடைக்காரரிடம் சர்க்கரை இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் அழுத்தம் அதிகமானதும் தெரியாது, ஒத்தடம் சுட்டதும் தெரியாது. இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறாரா? அப்படியானால் மருத்துவரைக் கேட்காமல் போக வேண்டாம். காய்ச்சல் இருக்கும் நாளிலும் வேண்டாம். கை மரத்துப்போவது, பிடி தளர்வது இருந்தால் மசாஜை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கழுத்தில் கை வைக்கும்போது "திருப்ப வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். வலித்தால் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பது வீரமில்லை.

கீழக்கரை ராத்தா:
தங்கச்சி, ஒன்று சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சென்னையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கினார். மறுநாள் இடது கெண்டைக்கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுட்டது. தைலத்தைக் கையில் ஊற்றிக்கொண்டு உருவிவிட உட்கார்ந்துவிட்டேன். பக்கத்து வீட்டு நர்ஸ் பெண் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஸ்கேன் எடுத்ததில் காலுக்குள் இரத்தக்கட்டி. தேய்த்திருந்தால் அது பெயர்ந்து நுரையீரலுக்குப் போயிருக்கக்கூடும் என்றார் மருத்துவர். ஒரு கால் மட்டும் வீங்கினால் எண்ணெய்க் குப்பியைத் தொடவே தொடாதே.

மற்றபடி தோளுக்குக் கடை எதற்கு? நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக்கி, உன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார். சாப்பிட்டவுடன் வேண்டாம். முதுகெலும்பின் மேல் அழுத்தாமல் இரண்டு பக்கமும் சதையை மட்டும் நீவு. எண்ணெய்க் காலோடு சிமெண்டுத் தரையில் நடக்கவிடாதே. எங்கள் வீட்டில் விழுந்து எழுந்தவர்கள் உண்டு.

பாம்பன் மகள்:
நன்றி ராத்தா, நன்றி சார். மாத்திரைச் சீட்டைப் பார்த்தேன், சர்க்கரை மாத்திரை மட்டும்தான். நேற்றுச் சாயங்காலம் திண்ணையில் உட்காரவைத்துத் தோளை மட்டும் இருபது நிமிடம் நீவிவிட்டேன். முதல் ஐந்து நிமிடம் டீசல் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார், பிறகு பேச்சே இல்லை. எட்டிப் பார்த்தால் தூங்கிவிட்டிருக்கிறார். வலது உள்ளங்கையில் கயிறு அறுத்த காயம் இன்னும் ஆறவில்லை. அந்தப் பக்கம் போகவில்லை. அதை நாளைக்கு மருத்துவமனையில் காட்டப் போகிறோம்.