ஸ்வெட்டர் கைகளுக்கு நூல் போதவில்லை, யோசனை சொல்லுங்கள்

அக்கா, தங்கைகளே, ஏற்காட்டில் மார்கழிக் குளிர் இறங்குவதற்குள் மூன்று பின்னல்களை முடிக்க வேண்டும்: அப்பாவுக்கு ஸ்வெட்டர், மகளுக்குக் குல்லாய், எனக்கொரு மஃப்ளர். புது நூல் வாங்கப் போவதில்லை. டிரங்குப் பெட்டி நிறைய மிச்ச உல்லன் உருண்டைகள் வேப்பிலை வாசனையோடு கிடக்கின்றன.

சிக்கல் ஸ்வெட்டரில்தான். முதுகும் முன்பக்கமும் முடிந்துவிட்டன. கைகளுக்கு எடுத்த பழுப்பு நூல் அதே நிற எண்தான், ஆனால் வேறொரு தடவை சாயம் ஏற்றியது. ஜன்னல் வெளிச்சத்தில் வறுத்த காப்பிக்கொட்டையும் அரைத்த தூளும் போலத் தனித்தனியாகத் தெரிகிறது. இரண்டு வரிசைக்கு ஒருமுறை நூலை மாற்றிப் பின்னினால் வேறுபாடு மறையும். அதற்குப் பழைய நூல் 50 கிராம்கூட மிச்சமில்லை. முன்பக்கத்தைப் பிரித்து இரண்டையும் கலந்து பின்னட்டுமா, கைகளை முழுக்கச் சாம்பல் நிறத்தில் போடட்டுமா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். அப்பா இப்போதே விடியற்காலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.