தவணை கட்டாத தம்பிக்கு வீட்டில் பாதியா?

மேடவாக்கத்தான்:
2017-ல் நானும் தம்பியும் சேர்ந்து மேடவாக்கத்தில் மாடி வீடு வாங்கினோம். கீழே நான், மாடி அவனுக்கு என்று பேச்சு. பத்திரத்தில் இருவர் பெயரும் உண்டு, பங்கு குறிப்பிடவில்லை. கடன் 46 லட்சம், தவணை மாதம் 40,000, ஆளுக்கு 20,000. அவன் வேலை மாறிக் கோவைக்குப் போய் 14 மாதம் ஆகிறது. அன்றிலிருந்து ஒரு பைசா வரவில்லை. 5-ம் தேதி ஆனால் முழுத் தவணையும் என் கணக்கிலிருந்துதான் போகிறது. இனியும் அவனுக்குப் பாதி என்று நான் ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்? என் பங்கை மட்டும் கட்டினால் போதாதா?

பத்திர எழுத்தர்:
அந்தத் தப்பை மட்டும் செய்யாதீர்கள். சேர்ந்து கையெழுத்துப் போட்ட கடனில் முழுத் தொகைக்கும் இருவருமே பொறுப்பு. பாக்கி 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அப்புறம், அடமான வீட்டை வங்கியே எடுத்து விற்க இடம் தரும் 2002-ம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வரும். சிபில் மதிப்பெண் இருவருக்கும் விழும். அவருக்காகக் கட்டியதை ஒப்பந்தச் சட்டம் 43-வது பிரிவின்படி திருப்பிக் கேட்கலாம். கட்டிய நாளிலிருந்து 3 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும், தள்ளிப் போடாதீர்கள்.

கோவைக்காரி:
தம்பி பக்கம் யாரும் கேட்கவில்லையே. மாடிச் சாவி யாரிடம் இருக்கிறது? எங்கள் வீட்டிலும் இதே கதை. கொழுந்தனார் அங்கே குடியிருக்க, நாங்கள் இங்கே வாடகையும் கொடுத்து அங்கே தவணையும் கட்டினோம். ஒரு பொங்கலுக்குப் போனால் எங்கள் அறையில் அரிசி மூட்டையும் உடைந்த கட்டிலும். பிள்ளைகளோடு கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். அடுத்த மாதம் பணம் அனுப்ப எனக்குக் கை வரவில்லை.

மேடவாக்கத்தான்:
சாவி என்னிடம்தான். பூட்டிக் கிடந்தால் வீடு பாழாகும் என்று திறந்தேன். பையன் அங்கே படிக்கிறான், படுக்கிறான். தம்பி வந்தால் தங்காதே என்றா சொல்வேன்?

கோவைக்காரி:
அண்ணா, சொல்ல வேண்டியதே இல்லை. பையனின் புத்தகமும் கட்டிலும் கிடக்கும் இடத்தில் அவர் எப்படி உரிமையோடு நுழைவார்?

பத்திர எழுத்தர்:
அம்மா சொல்வது மனசுக்குச் சரி, கணக்குக்குச் சரியில்லை. கூட்டுச் சொத்தில் ஒருவர் குடியிருப்பதாலேயே மற்றவருக்கு வாடகை பாக்கி ஆகாது. உள்ளே விடாமல் தடுத்தால்தான் பேச்சு வேறு. ஆனால் அண்ணனுக்கும் ஒன்று: தம்பி தவணை விட்டதால் பத்திரத்தில் உள்ள உரிமை தானாக அழியாது. அவர் பங்கை வாங்கிக்கொள்வதென்றால், அவர் தன் உரிமையை உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் பதிய வேண்டும். மூலப் பத்திரம் வங்கியில் இருக்கிறது. உங்கள் ஒரு சம்பளம் மீதிக் கடனைத் தாங்குமா என்று பார்த்த பிறகே வங்கி சம்மதிக்கும். பாகப்பிரிவினை வழக்கு என்று போனால், 1893-ம் ஆண்டுச் சட்டப்படி வீட்டை விற்றுப் பணத்தைப் பிரிக்கச் சொல்லவும் நீதிமன்றத்தால் முடியும். இரண்டு பேருக்கும் வீடு போய்விடும்.

கோவைக்காரி:
பையன் மாடிக்குப் போய் எத்தனை மாதம்?

மேடவாக்கத்தான்:
8 மாதம். எங்கள் தெருவில் அந்த அளவு போர்ஷனுக்கு 9,000 வாடகை. 14 மாதப் பாக்கி 2,80,000, அதில் 72,000 கழித்தால் 2,08,000.

பத்திர எழுத்தர்:
எதற்குக் கழிக்கிறீர்கள்? சட்டப்படி நீங்கள் கொடுக்க வேண்டியதில்லை. எழுத்தில் ஒப்புக்கொண்டால் நாளை வழக்கில் அதையே உங்களுக்கு எதிராகக் காட்டுவார்கள்.

மேடவாக்கத்தான்:
புரிகிறது சார். ஆனாலும் 2,08,000 என்று எழுதி, வங்கி ஸ்டேட்மென்டையும் சேர்த்து இன்று இரவு அவனுக்கு அனுப்புகிறேன். மாடிக்கு இன்னொரு சாவி போடக் கொடுத்திருக்கிறேன். பையனின் கட்டில் கீழே வந்துவிட்டது.