புதுப்பிப்பு: என் 1853 ஹாஃப் டைம் காசில் அம்புக்குறி இருந்ததா?

போன மாதம் கேட்டிருந்தேன்: அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் அடித்த 1853 ஹாஃப் டைம், அதாவது வெள்ளி ஐந்து சென்ட் காசு, ஆண்டின் இருபுறமும் அம்புக்குறி இல்லை, இது அந்த அரிய வகைதானா என்று. "முதலில் எடை போடுங்கள்" என்றவர்களுக்கு நன்றி. போட்டேன். 1.21 கிராம்.

சங்கதி இதுதான். கலிபோர்னியாவில் தங்கம் குவிந்ததும் வெள்ளியின் மதிப்பு ஏறியது; சில்லறைக் காசுகளை உருக்கினாலே லாபம். அதனால் 1853 பிப்ரவரியில் சட்டம் போட்டு ஹாஃப் டைமை 1.34 கிராமிலிருந்து 1.24 ஆகக் குறைத்தார்கள். எடை குறைந்தது என்று காட்டத்தான் அந்த அம்புகள். அதே ஆண்டில் அதற்கு முன் அடித்த, அம்பில்லாத நியூ ஆர்லியன்ஸ் காசு மிகக் குறைவு. அதனால் விலை அதிகம்.

என் காசு 1.34-க்குக் குறைவு; சரி, தேய்மானத்தால் எடை குறைந்திருக்கலாமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்புறம் பத்து மடங்கு லென்ஸை வைத்து, விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். 1-க்கு இடப்பக்கம் மெல்லிய கோடுகள், எல்லாம் ஒரே திசையில். 3-க்கு வலப்பக்கம் சின்னப் பள்ளம், அதன் ஓரத்தில் அம்பின் நுனி மட்டும் மிச்சம். யாரோ பொறுமையாகச் சுரண்டியிருக்கிறார்கள். பதினைந்தரை மில்லிமீட்டர் காசில் இந்த வேலை! திருட்டுதான், ஆனாலும் கை சுத்தம்.

விற்றவர் பணத்தைத் திருப்பித் தர ஒப்புக்கொண்டார். நான்தான் அந்த ஹாஃப் டைமைத் திருப்பிக் கொடுக்கவில்லை; பாதி விலைக்கு வைத்துக்கொண்டேன். டப்பாவில் 'சுரண்டியது' என்று எழுதி ஒட்டியாயிற்று.