கூண்டு என்றாலே அம்மாவுக்கு ஆகாது: நாயை கிரேட்டுக்குப் பழக்கியவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

சிப்பி வீடு:

என் கதையை முதலில் போடுகிறேன், அப்புறம் நீங்கள் தொடருங்கள். பெரிய வெற்றிக் கதை இல்லை, முதல் பாதி முழுக்க நான் சொதப்பியதுதான்.

மூன்று மாதச் சிப்பிப்பாறைக் குட்டி, இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட், நாங்கள் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள், அம்மா மட்டும் வீட்டில். வளர்ந்தபின் நெட்டையாகும் என்று தெரியும் என்பதால் 42 அங்குலக் கம்பி கிரேட் வாங்கி, நடுவில் தடுப்பு வைத்துப் பாதியாகச் சுருக்கி வைத்தேன். குட்டிக்கு இடம் ரொம்பப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்துக்கொண்டு இன்னொரு மூலையைக் கழிவறை ஆக்கிவிடும், அதற்குத்தான் தடுப்பு. பெட்டியைப் பிரித்ததும் அம்மா சொன்ன முதல் வார்த்தை: "இதென்ன கிளியா, கூண்டுல வைக்க? பாவம்டா."

அந்த வார்த்தை பிடிக்காமல், நான் வாங்கியது சரிதான் என்று காட்டுகிற வேகத்தில் அன்று ராத்திரியே குட்டியைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைப் பூட்டி, ஹாலில் விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்தேன். இரண்டு மணி வரை ஊளை. கீழ் வீட்டுக்காரர் போன் செய்தார். வேறு வழியில்லாமல் அது கத்திக்கொண்டிருக்கும்போதே போய்த் திறந்தேன். மறுநாள் இன்னும் சத்தமாகக் கத்தியது, கத்தினால் கதவு திறக்கும் என்று நானே சொல்லிக்கொடுத்தாயிற்றே. மூன்றாம் நாள் கிரேட் இருக்கும் பக்கம் வாலை இடுக்கிக்கொண்டு சுவரோரமாக நடந்தது. சரி, இது வேலைக்கு ஆகாது என்று மடித்துப் பரணில் போட்டுவிட்டேன். பத்து நாள் அது அங்கேயே கிடந்தது.

மறுபடி இறக்கியபோது குட்டியைத் தொடவே இல்லை, தூக்கி உள்ளே வைக்கக் கூடாது என்று சபதமே எடுத்திருந்தேன். கதவைப் பின்னால் தள்ளிக் கயிற்றால் கட்டிவிட்டேன், காற்றில் ஆடி முதுகில் இடித்தால் அத்தோடு கதை முடிந்தது. எங்கள் கட்டிலை ஒட்டி வைத்தேன். சாப்பாட்டுத் தட்டு முதல் நாள் கிரேட்டுக்கு வெளியே, மறுநாள் வாசலில், அடுத்த நாள் ஒரு சாண் உள்ளே. அங்கே போய் மாட்டிக்கொண்டது. முன்கால் இரண்டையும் வைக்கும், கழுத்தை ஒட்டகம் மாதிரி நீட்டிச் சாப்பிடும், பின்கால் வெளியேதான். எனக்குப் புரியவே இல்லை. மூன்று நாள் கழித்து அம்மாதான் கவனித்தார்: அது கால் வைக்கிற ஒவ்வொரு முறையும் அடித்தட்டு "டங்" என்று சத்தம் போடுகிறது, காது பின்னால் போகிறது. அடே, அது பயந்தது கூண்டுக்கு இல்லை, தகரத் தட்டுக்கு! தட்டுக்குக் கீழே யோகா பாயை வெட்டிப் போட்டேன், மேலே அம்மா தன் பழைய காட்டன் புடவையை நாலாக மடித்து விரித்தார் (கிளிக்கூண்டு என்று சொன்ன அதே அம்மா). அன்று மத்தியானமே நாலு காலும் உள்ளே. சாப்பிட்டுவிட்டு அங்கேயே சுருண்டும் கொண்டது.

இந்த இனத்துக்கு உடம்பில் சதை கிடையாது, முழங்கை எலும்பு தரையில் உரசி உரசித் தோல் காய்த்துப்போகும். மெத்து மெத்தென்று ஏதாவது போட்டே ஆக வேண்டும் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கதவைத் தொட்டது எட்டாம் நாள். சாப்பிடும்போது மூடி, முடிப்பதற்கு முன்பே திறந்துவிடுவேன். அப்புறம் முடித்து பத்து எண்ணும் வரை, ஒரு நிமிடம், நான் சமையலறைக்குப் போய்த் திரும்பும் வரை. நேராக ஏற்றிக்கொண்டே போகவில்லை, ஐந்து நிமிடம் இருந்தால் அடுத்தது இரண்டு நிமிடம், அதற்கு அடுத்தது ஏழு. தினமும் கூடிக்கொண்டே போனால் நாய்க்குத் தெரிந்துவிடும், என்ன நடக்கிறதென்று. நீண்ட நேரத்துக்கு ரப்பர் காங் பொம்மைக்குள் உப்பில்லாத தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் வைத்துக் கொடுப்பேன், நக்கி நக்கி அரை மணி நேரம் ஓட்டும், நக்கினாலே தூக்கமும் வந்துவிடும். நிலக்கடலை வெண்ணெய் வைப்பவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள், ஸைலிட்டால் என்ற இனிப்பு கலந்திருந்தால் நாய்க்கு விஷம்.

ராத்திரி முனகினால் என்ன செய்வது என்று பலர் கேட்கிறார்கள். நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தது திடீரென்று எழுந்து முனகினால் பெரும்பாலும் மூத்திரம்தான். விளக்கைப் போடாமல், கொஞ்சாமல், கயிறு மாட்டி வெளியே கூட்டிப்போய் வேலை முடிந்ததும் திரும்ப உள்ளே. நடுராத்திரியில் விளையாட்டு கிடையாது என்று நாலே நாளில் புரிந்துகொண்டது.

வெயில் பற்றி மட்டும் கொஞ்சம் கத்திச் சொல்கிறேன். வெளிநாட்டு வீடியோவில் கிரேட்டை நாலு பக்கமும் கம்பளி போட்டு மூடுவார்கள், அது குளிர் ஊர். இங்கே சித்திரையில் மின்வெட்டு நேரத்தில் அப்படி மூடினால் உள்ளே அடுப்பு. நாய்க்கு நம்மைப் போல் உடம்பெல்லாம் வியர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை இறக்க வேண்டும், அதற்குக் காற்று ஓட வேண்டும். மெல்லிய துணி, அதுவும் பின்பக்கமும் பக்கவாட்டில் ஒன்றும் மட்டும். பால்கனியில் வைக்கவே வேண்டாம். மே மாதம் முழுக்க எங்கள் பிள்ளை உள்ளே போகவே இல்லை, மொசைக் தரையில் வயிற்றை ஒட்டிப் படுத்திருந்தது, நான் கூப்பிடவும் இல்லை.

உண்ணி வேட்டை:

சத்தம் போடும் தட்டு விஷயம் அருமை, எங்கள் வீட்டிலும் அதேதான் இருந்திருக்கும், நான்தான் பிஸ்கட்டைத் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு விஷயம் சேர்க்கிறேன். ஒன்று, உள்ளே விடும்போது கழுத்துப்பட்டையைக் கழற்றிவிடுங்கள். எங்கள் லேப் குட்டியின் பெயர்த் தகடு கம்பி இடுக்கில் மாட்டி, அது பயந்து இழுக்க இழுக்க இறுகி, நான் பக்கத்து அறையில் இருந்ததால் ஓடிப்போய்க் கத்தரிக்கோலால் வெட்டினேன். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போது நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது. இரண்டு, விரிப்பை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து வெயிலில் போடுங்கள், மடிப்பிலும் கிரேட்டின் மூலைகளிலும் உண்ணி குடியேறும்.

காது வெட்டியவள்:

எல்லோரும் குட்டியைப் பற்றியே எழுதுகிறீர்கள், நான் வளர்ந்த தெருநாயைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் நாலு வருடம் சோறு போட்டு, ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கூட்டிவந்தவள். காது நுனி வெட்டியிருக்கும், அதாவது கருத்தடை முடிந்து திரும்ப விடப்பட்டவள். நான் யோசிக்காமல் கம்பி கிரேட்டை ஹாலில் விரித்ததும் நின்ற இடத்திலேயே சிறுநீர் போய்விட்டது. அப்புறம்தான் மண்டையில் ஏறியது: அவள் வாழ்நாளில் கம்பிக் கதவைப் பார்த்தது ஒரே ஒருமுறை, வலை போட்டுப் பிடித்து வண்டியில் ஏற்றிய அன்று. என்ன கோழித்துண்டு வைத்தாலும் அந்த நினைவோடு போட்டி போட முடியுமா?

கிரேட்டை அன்றே பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். அவள் தானாக எங்கே படுக்கிறாள் என்று ஒரு வாரம் சும்மா பார்த்தேன். கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில். சரி, அதுதான் அவளுக்கு வீடு என்று கட்டில் சட்டத்தில் ஒரு போர்வையைத் திரை மாதிரி தொங்கவிட்டேன், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. அடுத்த மாதம் ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டி அங்கேயே வைத்தேன். அதற்குப் பழகியபின் பிளாஸ்டிக் கேரியரின் (நாயைத் தூக்கிப்போகும் பெட்டி) கீழ்ப்பாதி மட்டும், மூடி இல்லாமல், ஒரு படுக்கை மாதிரி. மூடி மாட்டியது அதற்கும் ஆறு வாரம் கழித்து. கதவு மாட்டியபோது நான்காவது மாதம் முடிந்திருந்தது.

இவ்வளவு எதற்கு என்று வீட்டில் கேட்டார்கள். மறு வருடமே ஒரு பைக் இடித்துப் பின்கால் முறிந்து தகடு வைத்தார்கள். ஆறு வாரம் ஓடக் கூடாது, குதிக்கக் கூடாது, அடக்கி வையுங்கள் என்றார் டாக்டர். காயத்தை நக்காமலிருக்கக் கழுத்தில் மாட்டும் அந்தப் புனல் வேறு, அதோடு கேரியருக்குள் திரும்பவே முடியாது, அதனால் கேரியரைச் சுற்றி மடக்கு வேலி வைத்துக் கொஞ்சம் விசாலமாக்கினோம். அவளாகவே நொண்டிக்கொண்டு உள்ளே போய்ப் படுத்தாள். பழக்காமல் இருந்திருந்தால் அந்த ஆறு வாரத்தில் தையலைப் பிய்த்துக்கொண்டிருப்பாள்.

மூன்றாவது மாடி:

நல்ல கதைகள்தான், ஆனால் ஒரு எதிர்க்குரலும் இருக்கட்டும். காலை ஒன்பதுக்குப் பூட்டி மாலை ஆறுக்குத் திறக்கிறவர்களை என் குடியிருப்பிலேயே பார்க்கிறேன், கேட்டால் "கிரேட் ட்ரெய்னிங்" என்கிறார்கள். சுவீடனிலும் பின்லாந்திலும் வீட்டில் நாயை இப்படி வழக்கமாக அடைத்து வைக்கச் சட்டமே இடம் கொடுப்பதில்லை, பயணம் மாதிரி சில தேவைகளுக்குத்தான். அங்கேயும் நாய்கள் வளரத்தான் செய்கின்றன. அம்மா சொன்ன கிளிக்கூண்டு முழுத் தப்பில்லை.

சிப்பி வீடு:

ஒப்புக்கொள்கிறேன், சண்டையே இல்லை. மூன்று மாதக் குட்டியால் பகலில் மூன்று, மிஞ்சினால் நாலு மணி நேரத்துக்கு மேல் மூத்திரத்தை அடக்க முடியாது, ஒன்பது மணி நேரம் பூட்டினால் தன் அழுக்கிலேயே படுக்கும், படுக்கும் இடத்தைச் சுத்தமாக வைக்கிற அதன் இயல்பே கெட்டுவிடும். கடைக்கூண்டிலேயே வாரக்கணக்கில் கிடந்த குட்டிகளை வாங்கியவர்களைக் கேளுங்கள், கழிவறைப் பழக்கம் கொண்டுவர எவ்வளவு பாடு என்று. என் வீட்டில் அம்மா இருப்பதால்தான் ஓடியது, இல்லையென்றால் மதியம் ஒரு ஆள் ஏற்பாடு செய்திருப்பேன்.

இன்னொன்று. தெரிந்தவர் வீட்டு நாய் கம்பியைக் கடித்து வளைத்துக் கோரைப்பல்லை உடைத்துக்கொண்டது. அவர் இன்னும் கனமான கிரேட் தேடிக்கொண்டிருந்தார். போன் கேமராவில் பார்த்தால், ஆள் வீட்டில் இருக்கும்போது அது கிரேட்டில் குறட்டை விடுகிறது, வாசல் கதவு சாத்திய நிமிடத்தில் எச்சில் ஒழுக ஆரம்பிக்கிறது. அதற்குத் தனிமைதான் பயம், கிரேட் அந்தப் பயத்துக்கு மேல் ஒரு பூட்டு. அந்த மாதிரி நாயை அடைக்கவே கூடாது, டாக்டரிடம்தான் கொண்டுபோக வேண்டும்.

வளைகுடாவிலிருந்து வந்தவன்:

எனக்குக் கிரேட் விருப்பம் இல்லை, கட்டாயம். துபாயிலிருந்து சென்னைக்கு எங்கள் பீகிள் கார்கோவில் வந்தது. பெட்டி அளவு நம் இஷ்டம் இல்லை, ஐயாட்டா (சர்வதேச விமான நிறுவனங்களின் சங்கம்) கணக்கு இருக்கிறது: மூக்கிலிருந்து வால் அடி வரை நீளம், அதோடு தரையிலிருந்து முழங்கை வரை உள்ள உயரத்தில் பாதி, இரண்டும் சேர்ந்தது பெட்டியின் நீளம். எங்களுடையது 60 செ.மீ., முழங்கை 20, ஆக 70. அகலம் தோள் அகலத்தைப் போல இரண்டு மடங்கு. உயரம், நிற்கும்போது தலை அல்லது காது நுனி வரை, அதோடு விரிப்பின் தடிமன். நான் கண்ணால் பார்த்து வாங்கிய முதல் பெட்டி இரண்டு அங்குலம் குட்டை, திருப்பிக் கொடுத்தேன்.

மயக்க மருந்து கொடுத்து அனுப்பலாமா என்று கேட்டதற்கு டாக்டர் முறைத்தார், மயக்கத்தில் இருக்கும் நாயை விமானத்தில் ஏற்றுவது ஆபத்து. அதனால் இரண்டு மாதம் பழக்கினோம். தினமும் தூக்கம் அதற்குள்தான், கடைசி வாரங்களில் பெட்டியோடு காரில் ஏற்றி ஊர் சுற்றினோம், வாஷிங் மெஷின் பக்கத்தில் வைத்துக்கூடத் தூங்க வைத்தோம். கதவில் மாட்டும் கிண்ணத்தில் தண்ணீரை உறைய வைத்து அனுப்பினேன், ஏற்றும்போது சிந்தாது, போகப் போக உருகும். நான் ஒரு வாரம் துவைக்காமல் போட்ட பனியன் உள்ளே.

சென்னையில் கால்நடைத் தனிமைப்படுத்தல் அலுவலகத்துக் காகிதமெல்லாம் முடிந்து, பதறிக்கொண்டு கதவைத் திறந்தால், ஒரு கொட்டாவி விட்டுவிட்டு அப்படியே படுத்திருந்தது. எனக்குத்தான் அழுகை.

வெடிக்குப் பயம்:

ஒரே ஒரு வேண்டுகோள். தீபாவளிக்கு முந்தைய நாள் கிரேட் வாங்கி நாயை உள்ளே தள்ளாதீர்கள், நான் செய்தேன், அந்தச் சத்தமும் அந்தப் பெட்டியும் ஒன்றாகவே பதிந்துவிட்டது. ஆடியிலேயே ஆரம்பியுங்கள். வெடி வெடிக்கக் காலை 6-7, இரவு 7-8 என்று அரசு நேரம் சொன்னாலும் எங்கள் தெரு கேட்பதில்லை, அதனால் நாலரை மணிக்கே நடைக்குக் கூட்டிப்போய் வந்துவிடுவேன். உள் அறையில் பெட்டி, மேலே கனமான போர்வை, ஃபேன் முழு வேகத்தில், கதவு மட்டும் திறந்தே இருக்கும். பயந்த நாயைப் பூட்டினால் கம்பியில் நகத்தைப் பிய்த்துக்கொள்ளும். போன வருடம் ஆறு மணி நேரம் உள்ளேயே கிடந்தது, ஆனால் நடுங்கவில்லை.

மூன்றாவது மாடி:

அதே புடவைதான் இன்னும் போடுகிறீர்களா? எங்கள் வீட்டில் விரிப்பைத் துவைத்துப் போட்ட அன்று உள்ளே போக மாட்டேன் என்கிறது. (ஆமாம், எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது, கதவைக் கழற்றி வீசிவிட்டேன்.)

சிப்பி வீடு:

எங்களுக்கும் அதே தொல்லை வந்தது. சோப்பு வாசம் அடித்தால் வாசலில் நின்று முகர்ந்துவிட்டு அம்மா கட்டிலுக்கடியில் போய்விடும். அம்மா புடவையை நடுவில் இரண்டாகக் கிழித்துவிட்டார். ஒரு பாதி துவைக்கப் போகும்போது இன்னொரு பாதி அழுக்காக உள்ளே இருக்கும், துவைத்ததை அதன் மேல் போடாமல் அடியில் சொருகுவார், இரண்டு நாளில் அதுவும் ஊறிவிடும். இப்போது ஒரே பிரச்சினை, முந்தானைப் பாதி துவைக்கப் போன அன்று கொடிக்குக் கீழேயே போய் உட்கார்ந்துகொள்கிறது.