பக்கமாகப் போகிற பாம்புக்கு ஒரு சொல் வேணும்

கொக்குவில் ரீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். அவசரம், நேரே விசயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான தினத்துக்குப் பாலைவன உயிர்கள் பற்றி ஆறு பதாகைகள் அடிக்கிறோம். ஐந்து முடிந்துவிட்டன. ஆறாவது சுருட்டை விரியன். தார் பாலைவனத்திலும் ஈரானிலும் ஓமானிலும் மணலில் கிடக்கிற பாம்பு, எங்கள் யாழ்ப்பாணக் குடாநாட்டின் மணற்பாங்கான கரைகளிலும் இருக்கிறது. மணற்காடு என்ற ஊரில் இருந்து வருகிற ஒரு பிள்ளைதான் இதைச் சேர்க்கவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றது.

சிக்கல் ஒரு சொல்லில். இந்தப் பாம்பு இளகிய மணலில் உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்துப் பக்கமாகப் போகும். ஆங்கிலத்தில் சைட்வைண்டிங் என்பார்கள். ஒரு பெடியன் கைபேசியில் மொழிபெயர்த்து "பக்கக் காற்று" என்று எழுதிக்கொண்டு வந்தான். வகுப்பு முழுக்கச் சிரிப்பு. "சோளகக் காற்றோ கச்சான் காற்றோ ரீச்சர்?" என்று பின் வாங்கில் இருந்து கேள்வி வேறு.

வியாழன் பின்னேரம் அச்சகத்துக்குக் கொடுக்கவேண்டும். ஒரு சொல் போதும். தலைப்பில் பெரிய எழுத்தில் வரும், நீளமாக இருக்கக்கூடாது.

பனிப்புலத்தான், ரொறன்ரோவில் இருந்து:

ரீச்சர், "பக்கவாட்டு நகர்வு" என்று போட்டுவிட்டு நித்திரை கொள்ளுங்கோ. எல்லாருக்கும் விளங்கும்.

அந்த ஆங்கிலச் சொல்லோடு ஒட்டி, சைட்வைண்டர் என்ற பெயர் அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துக் கிலுகிலுப்பைப் பாம்பு ஒன்றுக்கு உண்டு. அதன் பெயரைத்தான் அமெரிக்கக் கடற்படை தன் ஏவுகணைக்கு வைத்தது, 1956 இல் படையில் சேர்ந்தது. அந்தப் பாம்புக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவே வெப்பத்தை உணர்கிற குழி இருக்கிறது. ஏவுகணையும் வெப்பத்தைப் பின்தொடர்ந்து போகும், அதனால் அந்தப் பெயர். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்தக் கதை வேண்டாம் என்று நினைத்தால் விட்டுவிடுங்கோ.

ஊசல்:

"பக்கவாட்டு நகர்வு" விளங்கும், ஆனால் பிழையாக விளங்கும். பக்கவாட்டில் நகர்வது நண்டு. தவிர, தலைப்பில் பெரிய எழுத்தில் "பக்கவா" வரை வாசித்ததும் பாதிப் பேர் பக்கவாதம் என்று நினைப்பார்கள்.

சாரைப்பாம்பு தரையில் போகும்போதும் உடம்பு இடமும் வலமுமாக நெளிகிறது. கல்லிலும் புல்லிலும் உடம்பின் பக்கங்களைத் தள்ளித்தான் முன்னுக்குப் போகிறது. ஆகவே "பக்க நெளிவு" என்றால் அது சாரையின் ஓட்டம். ரீச்சர் கேட்பது வேறு. மணலில் தள்ளிப் பிடிக்க ஒன்றும் இல்லை, தள்ளினால் மணல் சரிந்துவிடும். அதனால் இந்தப் பாம்பு தள்ளுவதே இல்லை. எந்த நேரத்திலும் உடம்பின் இரண்டு இடங்கள்தான் மணலில் அழுந்திக் கிடக்கும், சிலவேளை மூன்று. மிச்ச உடம்பு நிலத்தை விட்டு எழும்பி முன்னே போய், புது இடத்தில் படியும். படிந்த இடம் வழுக்காது, அசையாது. அதுதான் முழு வித்தையும். தடத்தைப் பார்த்தால் தொடர்ந்த வளைகோடு இருக்காது. ஒன்றோடொன்று தொடாத தனித்தனிக் கோடுகள் ஏணிப்படி மாதிரிச் சரிவாகக் கிடக்கும், முனையில் ஒரு கொக்கி.

2014 இல் ஓர் ஆய்வு வந்தது. அதே அமெரிக்கப் பாம்பை மணற்சரிவில் ஏறவிட்டுப் பார்த்தார்கள். சரிவு கூடக் கூட, மணலில் படிகிற உடம்பின் நீளத்தைப் பாம்பு கூட்டிக்கொள்கிறது. பாம்பு மாதிரி ஓர் இயந்திரத்துக்கும் அதைச் சொல்லிக்கொடுத்தார்கள், அதுவும் ஏறியது. ஆகவே சொல்லில் "ஊன்றுதல்" இருக்கவேண்டும். என் முன்மொழிவு: சாய்வூன்றல்.

இணுவில் ஐயா:

பிள்ளைகாள், கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் நெய் தேடுகிறீர்கள். ரீச்சர் எழுதிய "விரியன்" நதிக்கு அக்கரைச் சொல், நாங்கள் சொல்வது புடையன். கண்ணாடிப் புடையன், முத்திரைப் புடையன் என்று அப்பு ஆச்சி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். புடை என்றால் என்ன? பக்கம். "புடைசூழ" என்கிறோமே. புடைபெயர்தல் என்றால் இடம்விட்டு அசைதல். வினை என்பதையே பொருளின் புடைபெயர்ச்சி என்று இலக்கண உரைகாரர்கள் விளக்குவார்கள். பக்கமாக இடம்பெயரும் பாம்புக்குப் புடையன் என்று பெயர் வைத்த முன்னோருக்கு ரீச்சரின் சைட்வைண்டிங் தெரிந்திருக்கிறது. சொல் ஆயத்தமாக இருக்கிறது: புடைபெயர்ச்சி.

காவிரிக்கரை:

ஐயாவுக்கு வணக்கம். அக்கரையிலிருந்து ஒரு குரல். நதி இல்லை ஐயா, நடுவில் இருப்பது கடல்.

புடைபெயர்ச்சி அழகான சொல். ஆனால் மாட்டு வண்டியும்தான் புடைபெயர்கிறது. பொதுவாக அசைவுக்கெல்லாம் வழங்கிய சொல்லை ஒரு பாம்பின் ஒரு நடைக்கு மட்டும் பூட்டினால், நாளைக்கு இலக்கணம் படிக்கும் பிள்ளை வினைச்சொல்லை மணலில் தேடும்.

புடையனின் வேர் பக்கம்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? புடைத்தல் என்றால் வீங்குதல் இல்லையா? அது கடித்த கை புடைத்துப் போகும், அதனால் புடையன் என்றும் சொல்லலாமே. எங்கள் பக்கம் முறத்தில் அரிசி புடைப்பார்கள். அந்தப் புடைப்பும் இருக்கிறது.

இணுவில் ஐயா:

முறம் இல்லைத் தம்பி, சுளகு.

நல்ல கேள்விதான். ஆனால் சுளகில் புடைக்கும்போது அரிசி எப்படிப் போகிறது? எழும்பி, பக்கமாகச் சரிந்து, மறுபடி படிகிறது. ஊசல் தம்பி எழுதியதை இன்னொரு முறை வாசியும். எழும்பிப் பக்கமாகப் படிவதுதான் புடைத்தல்! என் கட்சிக்கு நீரே சாட்சி சொல்லிவிட்டீர்.

ஊசல்:

ஐயா, கண்ணாடிப் புடையன் சாதாரணமாக அப்படிப் போவதே இல்லை. அது கொழுத்த பாம்பு, ஆறுதலாக ஊர்ந்துதான் போகும். புடையால் போவது சுருட்டை, அதற்கோ நம்மூரில் புடையன் என்று பெயர் இல்லை. உங்கள் வேர் தப்பான பாம்பில் இறங்கியிருக்கிறது.

(இதற்கு ஐயா நீண்ட மறுமொழி எழுதினார். சிங்களத்தில் இதை வெலி பொலங்கா, அதாவது மணல் விரியன், என்று சொல்வதில் தொடங்கி, பொலங்காவுக்கும் புடையனுக்கும் உறவு இருக்கலாம் என்று போய், எங்கோ மலையாளக் கரையில் முடிந்தது. ஒருவரும் மறுமொழி போடவில்லை. நான் மட்டும் முழுவதும் வாசித்தேன். கொக்குவில்.)

வாட்டுக்காரர்:

இரவுக் கடமை, இப்போதுதான் பார்த்தேன். நடையைப் பற்றி எனக்கு ஒரு கருத்தும் இல்லை. ஆனால் ரீச்சர் தனியே அனுப்பிய பதாகை வாசகத்தில் "குருதியை உறையச் செய்யும் நஞ்சு" என்று இருக்கிறது. பாதி சரி. இந்த நஞ்சு, உறைதலுக்கு வேண்டிய புரோத்துரொம்பின் என்ற இரத்தப் புரதத்தைத் தட்டி எழுப்பிவிடும், இரத்தம் கண்டபடி உறையத் தொடங்கும். உறைதலுக்கு வேண்டிய பொருட்கள் அதிலேயே செலவாகித் தீர்ந்துவிடும். பிறகு தேவையான இடத்தில் உறையாது, பல்முரசில் இருந்தும் ஊசி குத்திய இடத்தில் இருந்தும் இரத்தம் கசியும். நாங்கள் சுத்தமான கண்ணாடிக் குழாயில் கொஞ்ச இரத்தம் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, ஒருமுறை சாய்த்துப் பார்ப்போம். தண்ணியாக ஓடினால் விசயம் விளங்கிவிடும். ஆகவே "குருதி உறைதலைக் குலைக்கும் நஞ்சு" என்று எழுதுங்கோ.

கடித்த இடத்துக்கு மேலே இறுக்கிக் கட்டவேண்டாம், கீறவேண்டாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவாருங்கோ என்றும் ஒரு வரி. கலைச்சொல்லை விட அது முக்கியம்.

கொக்குவில் ரீச்சர்:

மருத்துவருக்கு நன்றி, மாற்றிவிட்டேன், அந்த வரியையும் போட்டுவிட்டேன்.

இன்னும் ஒன்று கேட்கலாமா? கேட்கப் பயமாக இருக்கிறது. இந்தப் பாம்பு வெருண்டால் உடம்பை வளையமாகச் சுருட்டி, பக்கத்துச் செதில்களை ஒன்றோடொன்று உரசும். அந்தச் செதில்களின் முகடு வாள்ப் பல் மாதிரி. சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்தால் வருகிற சத்தம் வரும். மூச்சை விட்டுச் சீறினால் உடம்பின் ஈரம் போய்விடும், வறண்ட நிலத்துப் பாம்புக்கு உரசுவது சிக்கனம் என்று ஒரு விளக்கம் இருக்கிறது. இந்த உரசல் ஒலிக்கு ஒரு சொல்?

இணுவில் ஐயா:

பயப்பட ஒன்றும் இல்லை. அராவொலி. அரத்தால் தேய்ப்பது அராவுதல். விளக்கம் தேவையில்லாத சொல்.

ஆனாலும் சொல்கிறேன். அரவு என்றால் பாம்பு. அரவம் என்றாலும் பாம்பு. அரவம் என்றால் ஒலியும்தான். "அரவம் கேட்டு நாய் குரைத்தது" என்று எழுதுவோம். அரா என்றாலும் பாம்பு. நன்னூல் படித்தவர்களுக்குத் தெரியும், தனிக்குறிலின் கீழ் வந்த ஆ குறுகி உகரம் ஏற்கும். நிலா நிலவு, சுறா சுறவு, அரா அரவு. இனி அரம், அரா, அராவு, அரவு, அரவம் எல்லாவற்றையும் ஒரு கயிற்றில் கோத்துப் பாருங்கள். செதிலை அரம்போல அராவி அரவம் எழுப்பும் அரா, அரவு! பாம்புக்குத் தமிழன் வைத்த முதற்பெயரே இந்தச் சுருட்டையைப் பார்த்து வைத்ததுதான் என்பது என் துணிபு.

காவிரிக்கரை:

அராவொலிக்கு என் வாக்கு. துணிபுக்கு இல்லை. மலைப்பாம்பும் அரவுதான், அது எதையும் அராவுவதில்லை.

பனிப்புலத்தான்:

எனக்கும் அராவொலி பிடித்திருக்கிறது. ஆனால் ஒன்று சொல்லவேண்டும். மானிப்பாயில் சாமுவேல் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார், நூல்களும் தமிழில் வந்தன. எங்களுக்கு அது பெருமை. ஆனால் உடற்கூற்றுக்கு அன்றைக்கு வைத்த "அங்காதிபாதம்" இன்றைக்கு யாருக்கு விளங்கும்? சொல் செய்வது சுகம், அதை வாயில் போட ஆள் வேண்டும். அந்த மணற்காட்டுப் பிள்ளையிடம் கேட்டீர்களா, வீட்டில் என்ன சொல்கிறார்கள் என்று?

கொக்குவில் ரீச்சர்:

கேட்டேன். "சரிஞ்சு சரிஞ்சு வாரது" என்கிறார்கள் என்று சொன்னது. எனக்குப் பிடித்தது. "சரிநெளிவு" என்று எழுதிப் பார்த்தேன்.

ஊசல்:

சரிதல் என்றால் வழுக்குதலும்தானே. வழுக்காமல் போவதற்காகத்தான் அந்தப் பாம்பு இவ்வளவு பாடுபடுகிறது. அதன் பெயரிலேயே வழுக்கலை வைப்பது அநியாயம்.

கொக்குவில் ரீச்சர்:

வியாழன் மதியம். அச்சகத்தில் இருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள். இதுவரைக்கும் பக்கவாட்டு நகர்வு ஒன்று, புடைபெயர்ச்சி ஒன்று (ஐயா), சாய்வூன்றல் ஒன்று. காவிரிக்கரை ஐயா "மருங்கூர்தல்" என்று நேற்று இரவு எழுதினார். நல்ல சொல், ஆனால் மருங்கு என்றால் இடுப்பு என்று எங்கள் தமிழ் ரீச்சர் சிரித்துவிட்டா. எல்லாவற்றையும் கலந்து நான் "சாய்வூர்தல்" என்று கொடுக்கிறேன். திசைக்குச் சாய்வாக உடம்பை வைத்து ஊர்வது. கீழே சின்ன எழுத்தில் "உடம்பைத் தூக்கிப் பக்கமாக வைத்து நகர்தல்" என்று விளக்கமும் வரும். ஆருக்கும் பெரிய ஆட்சேபம் இருந்தால் மூன்று மணிக்குள் சொல்லுங்கோ.

ஊசல்:

பெரிய ஆட்சேபம் இல்லை. சின்ன ஆட்சேபம் இருக்கிறது, ஊர்தலில் ஊன்றல் இல்லை. போகட்டும்.

பனிப்புலத்தான்:

இங்கே விடிய ஐந்து மணி. சரி.

இணுவில் ஐயா:

என் ஆட்சேபம் பெரியது, ஆனால் மூன்று மணிக்குள் எழுதி முடியாது.

கொக்குவில் ரீச்சர் (திங்கள்):

விஞ்ஞான தினம் நல்லபடி நடந்தது. ஒரு சங்கதி. அச்சகத்தில் தலைப்பு நீளம் என்று இரண்டாக உடைத்துவிட்டார்கள். மேல்வரியில் கொட்டை எழுத்தில் "சாய்வூர்", கீழ்வரியில் பொடியாக "தல்". வந்தவர்களில் ஒரு தாய், "சாய்வூர் எங்க பிள்ளை இருக்கு, கிளிநொச்சி தாண்டியோ?" என்று கேட்டா. சுருட்டை அங்கேதான் கூட இருக்காம் என்று மற்றத் தாய்க்கு விளக்கமும் சொன்னா. அராவொலியில் ஒரு குழப்பமும் இல்லை, பிள்ளைகள் தாச்சிச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டினார்கள்.

இணுவில் ஐயா:

புடைபெயர்ச்சி என்று போட்டிருந்தால் எங்கே உடைத்தாலும் ஊராகியிருக்காது. என் ஆட்சேபம் ஒன்பது பக்கம் வந்திருக்கிறது, நாளை அனுப்புகிறேன்.